இரண்டு வசைகள் சேர்ந்த பெயர்

தத்துவக் கலைக்களஞ்சியங்களில் ‘தனிநபர் அராஜகவாதம்’ என்ற தலைப்பைத் தேடிப் போனால் வில்லியம் காட்வின், மாக்ஸ் ஸ்டிர்னர், ஜோசையா வாரன், லைசாண்டர் ஸ்பூனர் என்ற நான்கு பெயர்கள் தவறாமல் எதிர்ப்படும். முதலாமவர் ஆங்கிலேய எழுத்தாளர். அடுத்தவர் பெர்லினில் பெண்கள் பள்ளி ஆசிரியர். வாரன் இசைக்கலைஞராக இருந்து கடை திறந்த அமெரிக்கர். ஸ்பூனர் மாசசூசெட்ஸ் வழக்கறிஞர். இந்த நால்வரில் ஒருவரும் அந்தப் பெயரைத் தாமாகச் சூடிக்கொண்டதில்லை. பிறர் வைத்த பெயர் அது, பெரும்பாலும் அவர்கள் இறந்த பிறகு. பெயரைப் பிரித்தால் உள்ளே இரண்டு சொற்கள். இரண்டுமே அரசியலுக்குள் வசைகளாக நுழைந்தவை. அவை எப்படி ஒன்று சேர்ந்தன என்று பின்தொடர்ந்து போனால், பெயரின் நிழலில் மறைந்துபோன மனிதர்கள் வெளிச்சத்துக்கு வருகிறார்கள்.

பழைய சொல்லிலிருந்து தொடங்கலாம். கிரேக்கத்தில் ‘ஆர்கே’ என்றால் தொடக்கம், ஆட்சி என இரண்டு பொருள். தமிழருக்கு இது விநோதமாகத் தோன்றாது. நம் ‘முதல்’ தொடக்கத்தையும் குறிக்கும், ‘முதல்வன்’ என்றாகித் தலைவனையும் குறிக்கும். முன்னே நிற்பவன் ஆள்கிறான் என்ற எண்ணம் இரண்டு மொழிகளிலும் சொல்லுக்குள்ளேயே உறைந்திருக்கிறது. ‘ஆர்கே’க்கு முன்னால் ‘அன்’ என்ற எதிர்மறை சேர்ந்தால் ‘அனார்கோஸ்’: முதல் இல்லாதவன். ஹோமரின் இலியட்டில் கப்பல்களின் வரிசை சொல்லப்படும் இரண்டாம் காண்டத்திலேயே இந்தச் சொல் வருகிறது. டிராய் மண்ணில் முதலில் விழுந்த ப்ரொடெசிலாவோஸின் வீரர்களும், பாம்பு கடித்துத் தீவில் விடப்பட்ட ஃபிலொக்டேட்டஸின் வீரர்களும் தலைவனை எண்ணி ஏங்கினார்கள்; ஆனாலும் தலைவனில்லாதவர்களாக இல்லை, வேறொருவர் அவர்களை அணிவகுத்தார் என்கிறார் கவி. ஆக, இந்தச் சொல் முதலில் பதிவாவதே ஒரு மறுப்புக்குள். தலைவனற்ற படை என்ற நினைப்பே அங்கே உடனுக்குடன் விலக்கப்படுகிறது.

பின்னாளில் கிறித்தவ இறையியலாளர்கள் இதே ‘அனார்கோஸ்’ என்ற சொல்லைக் கடவுளுக்குப் பயன்படுத்தினார்கள். அங்கே அதன் பொருள், தொடக்கம் இல்லாதவர். நம் சைவ சித்தாந்தம் பதியை ‘அநாதி’ என்று சொல்வதற்குச் சரியான இணை. தமிழில் ‘ஆதி’ இல்லாதது அநாதி. ‘நாதன்’ இல்லாதவர் அநாதை. ஒன்று இறைவனுக்குரிய உயர்வு, மற்றது தெருவில் நிற்கும் குழந்தையின் துயரம். வடமொழி வழியாக வந்த இவ்விரு சொற்களும் வேரில் வேறுபட்டவை. ஆனால் அவை பங்கிட்டுக்கொண்ட இரண்டு பொருளையும் ஒரே கிரேக்கச் சொல் தனியாகச் சுமந்திருக்கிறது. தலைவன் இல்லாமை என்பது முழு விடுதலையா, ஆதரவற்ற நிலையா என்ற கேள்வி அரசியல் தத்துவத்துக்கு வருவதற்கு முன்பே சொல்லுக்குள் இருந்திருக்கிறது.

அரசியலில் பதில் ஒரு பக்கமாகவே விழுந்தது. ஏதென்ஸில் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்த ஆண்டின் தலைமை அதிகாரியான ஆர்கோனின் பெயரைச் சூட்டுவது வழக்கம். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்ற நகரத்தில் ‘முப்பதின்மர்’ ஆட்சியைப் பிடித்தபோது பிதொடோரஸ் என்பவர் ஆர்கோனாக இருந்தார். மக்களாட்சி மீண்டதும் நகரத்தார் அவர் பெயரை ஏற்க மறுத்து, அந்த ஆண்டை ‘அனார்கியா’ என்று குறித்தார்கள். கவனிக்க வேண்டிய இடம் இது. ஆட்சியே இல்லாத ஆண்டு அல்ல அது. கொடிய ஆட்சி நடந்த ஆண்டு. செல்லாத ஆட்சி ஆட்சியில்லாமைக்குச் சமம் என்று ஏதென்ஸ் மக்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். இருபத்து மூன்று நூற்றாண்டு கழித்து ஸ்பூனர் அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றி எழுப்பிய கேள்வியும், செல்லுபடியாகும் அதிகாரம் எது என்பதுதான்.

வடமொழியின் ‘அராஜகம்’ இதே அச்சில் வார்த்தது: ராஜன் இல்லாத நிலை. தசரதன் இறந்து, பரதன் ஊரில் இல்லாத இடைவேளையில், அரசனில்லாத நாடு என்னவெல்லாம் ஆகும் என்று அமைச்சர்களும் அந்தணர்களும் வசிட்டரிடம் அடுக்கிச் சொல்வது வால்மீகி அயோத்தியா காண்டத்தில் ஒரு முழுச் சருக்கம். மகாபாரதத்தின் சாந்தி பருவம் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலை என்று அதைச் சொல்லும். அந்தப் பயத்தோடேயே சொல் தமிழுக்கு வந்தது. ‘அராஜகம் பண்ணுகிறான்’ என்று நாம் சொல்லும்போது அரசனைப் பற்றிய நினைவே இருப்பதில்லை. அடாவடி என்பது மட்டுமே எஞ்சியிருக்கிறது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய உள்நாட்டுப் போர்க்காலத்தில் ‘அனார்கி’ எதிராளிமேல் எறியும் கல். 1793இல் பாரிஸில் ஜிராண்டின் தலைவர் ப்ரிஸோ, தமக்கு இடப்பக்கம் நின்ற தீவிரவாதிகளை ‘அனார்கிஸ்ட்’ என்று திட்டினார். பிறகு வந்த டைரக்டரி ஆட்சி, முடியாட்சியையும் அனார்கியையும் ஒருங்கே வெறுப்பதாகச் சத்தியம் வாங்கியது. காட்வின் தம் ‘அரசியல் நீதி’ நூலை வெளியிட்டதும் அதே 1793தான். அறிவு வளர வளர அரசு தேவையற்றுப் போகும் என்று வாதிட்ட அந்த நூலிலும் ‘அனார்கி’ நல்ல சொல்லாக வரவில்லை. அது கொடியது, ஆனால் குறுகிய காலமே நீடிப்பது. கொடுங்கோன்மையோ நெடுநாள் நீடிப்பது என்ற அளவில்தான் அதைத் தாங்கிப் பேசினார். பிற்காலத்தார் அவரை அனார்கிசத்தின் தந்தை என்றபோது, அவர் விலக்கிவைத்த சொல்லையே அவருக்குப் பட்டமாகச் சூட்டினார்கள்.

வசையைக் கையில் எடுத்துத் தன் பெயராக்கியவர் பியர்-ஜோசப் ப்ரூதோன். 1809இல் பெசான்ஸோனில் பிறந்த இவர் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தார். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும்போதே எபிரேயம் பழகினார், மொழிகளின் வேர்களைத் தேடினார், 1837இல் பொது இலக்கணம் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டார். இந்தப் பின்னணி தற்செயலானதல்ல என்பது என் எண்ணம். 1840இல் வந்த ‘சொத்து என்றால் என்ன?’ நூலில் கற்பனை வாசகர் ஒருவர் அவரைத் துருவுகிறார்: குடியரசுவாதியா, ஜனநாயகவாதியா, முடியாட்சியாளரா? ஒவ்வொன்றையும் மறுத்து, தாம் அனார்கிஸ்ட் என்கிறார் ப்ரூதோன். நையாண்டி செய்கிறீர் என்கிறார் வாசகர். இல்லை, ஆழ்ந்து யோசித்துச் சொன்ன கொள்கை இது, ஒழுங்கில் எனக்கு உறுதியான பற்று உண்டு என்று பதில் வருகிறது. சில இடங்களில் சொல்லின் நடுவே ஒரு சிறு கோடு போட்டு ‘அன்-ஆர்கி’ என்று அச்சிட்டார். அச்சுக்கோப்பவருக்கே தோன்றக்கூடிய வேலை. ஒரு சிறு உலோகத் துண்டால் பொருளைத் திறந்துகாட்டி, இதில் குழப்பம் எங்கே இருக்கிறது, தலைவன் இல்லாமை மட்டும்தானே இருக்கிறது என்று கேட்டார்.

அதே 1840ஆம் ஆண்டுக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கு உண்டு. ‘தனிநபர்வாதம்’ என்ற இரண்டாவது சொல் பரவலாக அறியப்பட்டதும் அந்த ஆண்டுதான். ‘இண்டிவிஜுவலிசம்’ பிரெஞ்சில் பிறந்த சொல். 1820களில் அதை எடுத்தாண்டவர்கள் இரு எதிர்முனையினர்: ஒருபுறம், முடியும் மதகுருவும் இழந்த அதிகாரத்துக்காக வாதாடிய ஜோசப் த மேஸ்த்ர், மறுபுறம், சமுதாயத்தைப் புதிதாகத் திட்டமிட விரும்பிய சென்-சிமோன் சீடர்கள். புரட்சி சமூகக் கட்டை அறுத்து ஆட்களை மணல்போல் உதிர்த்துவிட்டது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. அந்த உதிர்வுக்குத்தான் இப்பெயர். தொக்வில் ‘அமெரிக்காவில் ஜனநாயகம்’ நூலின், 1840இல் வந்த இரண்டாம் பகுதியில் இதை நிதானமாக விளக்கினார். தன்னலம் மனிதன் பிறந்த நாள் முதல் உள்ள குற்றம், இதுவோ புதியது, குடிமகன் தன் வீடும் நண்பர்களும் போதும் என்று ஒதுங்கி, பெரிய சமூகத்தை அதன் போக்கில் விட்டுவிடும் அமைதியான மனநிலை என்றார். மொழிபெயர்த்த ஹென்றி ரீவ் அந்தச் சொல்லின் எதிரே தடுமாறினார். ஆங்கிலக் காதுக்கு விநோதமாக ஒலிக்கும் என்று அடிக்குறிப்பில் மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதி, பிரெஞ்சுச் சொல்லையே வைத்துக்கொண்டார்.

தமிழில் இன்றும் இந்தச் சொல்லின் பிறவிக்குணம் மாறவில்லை. இடதுசாரிக் கட்சிகளில் ஒரு தோழரைத் ‘தனிநபர்வாதி’ என்றால் அது குற்றச்சாட்டு. ‘அராஜகவாதி’ என்றால் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு.

பெர்லினில் ஸ்டிர்னருக்கு நடந்தது வேறு விதம். அவருடைய இயற்பெயர் யோஹான் காஸ்பர் ஷ்மித். நெற்றி மேடிட்டு உயர்ந்திருந்ததால் படிக்கிற காலத்து நண்பர்கள் நெற்றியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து சூட்டிய பட்டப்பெயர்தான் ஸ்டிர்னர். தமக்குப் பிறர் வைத்த பெயரிலேயே 1844இன் இறுதியில் அவர் தம் ஒரே பெரிய நூலை வெளியிட்டார். அந்த நூலின் நாயகச் சொல் ‘ஐன்ஸிகெ’: வேறெதோடும் ஒப்பிடவோ வகைப்படுத்தவோ முடியாத ஒருவன். கடவுள், அரசு மட்டுமல்ல, ‘மனிதன்’, ‘மனிதநேயம்’ போன்ற நல்ல சொற்களும் தலைக்குள் குடியேறிய பேய்களாக ஆட்டிவைக்க முடியும் என்பது அவர் வாதம். பொதுப்பெயருக்குள் அடைபட மறுப்பதையே தத்துவமாக்கியவர் அவர். மார்க்ஸும் எங்கெல்ஸும் ‘ஜெர்மன் சித்தாந்தம்’ நூலின் பெரும்பகுதியை அவரை மறுக்கவே செலவிட்டார்கள். அது முழுமையாக அச்சேறியது 1932இல்தான். ஸ்டிர்னர் 1856இல் வறுமையில் இறந்தார். ஜான் ஹென்றி மக்கே 1898இல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதி, அவரை அனார்கிசத்தின் மூத்தோர் வரிசையில் உட்கார வைத்தார். 1907இல் நியூயார்க்கில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த ‘ஒப்பற்ற ஒருவனை’ ‘ஈகோ’ என்று மாற்றியது. ‘ஈகோ’ ஒவ்வொருவருக்கும் உண்டு. ஐன்ஸிகெ அப்படிப் பொதுவாகாது. ஒரு தலைப்புச் சொல் ஒரு நூலுக்குச் செய்த பெரிய தீங்கு என்று இதைச் சொல்வேன். 2017இல் வந்த புதிய மொழிபெயர்ப்புதான் தலைப்பைத் திருத்தியது.

இந்தக் கூட்டத்தில் என் மனம் அதிகம் நிற்பது ஜோசையா வாரனிடம். 1798இல் பாஸ்டனில் பிறந்தவர், வாத்தியக் குழு நடத்தியவர், பன்றிக்கொழுப்பில் எரியும் விளக்கு ஒன்றைக் கண்டுபிடித்தவர். ராபர்ட் ஓவன் இந்தியானாவில் நிறுவிய ‘நியூ ஹார்மனி’ கூட்டுக் குடியிருப்பில் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் அது சிதறியது. கெட்டவர்கள் சேர்ந்ததால் அது கெடவில்லை, நல்லவர்களின் வேறுபாடுகளை ஒரே அச்சில் நசுக்கப் பார்த்ததால் கெட்டது என்று வாரன் முடிவுக்கு வந்தார். முடிவை நூலாக எழுதுவதற்கு முன் கடையாகத் திறந்து பார்த்தார். 1827 மே மாதம் சின்சினாட்டியில் ‘நேரக்கடை’ தொடங்கியது. கொள்முதல் விலையும் கடைச் செலவுக்கான சிறு விழுக்காடும்தான் சரக்கின் விலை. கடைக்காரர் பொருள் எடுத்துக் கொடுக்கச் செலவிட்ட நேரத்தைச் சுவர்க் கடிகாரம் காட்டும். வாங்கியவர் அதே அளவு தம் உழைப்பைத் தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுப்பார். பேரமும் லாபமும் அங்கே இல்லை. செலவே விலையின் எல்லை என்ற கொள்கை இங்கே பிறந்தது. மூன்று ஆண்டுகள் ஓடியபின், செய்ய முடியும் என்று காட்டியாயிற்று என்று அவரே கடையை மூடினார். 1847இல் ஓஹையோவில் ‘யுடோப்பியா’, 1851இல் லாங் ஐலண்டில் ‘மாடர்ன் டைம்ஸ்’ என்று அதே கொள்கையில் ஊர்களும் எழுந்தன. மாடர்ன் டைம்ஸ்தான் இன்றைய ப்ரெண்ட்வுட்.

வாரன் தம் கொள்கைக்கு வைத்த பெயர் ‘தனிமனிதரின் இறையாண்மை’. அந்தத் தொடரை வாரன் வழியினரிடமிருந்து எடுத்துக்கொண்டதாக ஜான் ஸ்டூவர்ட் மில் தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அனார்கி என்ற சொல்லோ வாரனுக்குத் தேவைப்படவே இல்லை. சட்டங்களும் பிரகடனங்களும் தோற்றுப்போவதற்கு ஒரு காரணம், ஒரே சொல்லை ஒவ்வொருவரும் தம் மனத்துக்கேற்பப் புரிந்துகொள்வது என்று அவர் வாதிட்டார். பொதுப் பெயர்களை நம்பாத ஒருவரைப் பிற்காலம் ஒரு பொதுப் பெயருக்குள் கொண்டுபோய் வைத்தது.

வைத்தவர் பெஞ்சமின் டக்கர். 1872இல், பதினெட்டு வயதில் வாரனைச் சந்தித்தார். 1876இல் ப்ரூதோனின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1881 ஆகஸ்ட் முதல் 1908 வரை ‘லிபர்ட்டி’ இதழை நடத்தினார். சுதந்திரம் ஒழுங்கின் மகள் அல்ல, தாய் என்ற ப்ரூதோனின் கருத்து இதழின் நெற்றியில் இருந்தது. அமெரிக்காவில் ‘அனார்கிஸ்ட்’ என்பதைப் பெருமையோடு சொல்லும் பெயராக்க அவர் அளவுக்கு உழைத்தவர் இல்லை. ஆனால் 1886 மே 4 அன்று சிகாகோ ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அந்த நகரத்து அனார்கிஸ்டுகள் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தத் தண்டனை அநீதி என்று டக்கர் கருதினார். அதே சமயம் சிகாகோக்காரர்களின் பொதுவுடைமைக் கொள்கைக்கு அனார்கி என்ற பெயர் பொருந்தாது என்றும் வாதிட்டார். பெயருக்கு உரிமை யாருக்கு என்ற இந்தச் சண்டையில்தான் அடைமொழிகள் முளைத்தன. ஒரு பக்கம் ‘கம்யூனிஸ்ட்’, மறுபக்கம் ‘இண்டிவிஜுவலிஸ்ட்’. ‘பாஸ்டன் அனார்கிஸ்ட்’, ‘தத்துவ அனார்கிஸ்ட்’ என்பவையும் புழங்கின. இந்தப் பிளவு பொறுக்காமல் 1889இல் பார்சிலோனாவில் தரிதா தெல் மார்மோல், அடைமொழி இல்லாத அனார்கிசம் வேண்டும் என்றார். தனிநபர்வாதியாகத் தொடங்கிய அமெரிக்கக் கவிஞர் வால்டரின் டி க்ளேயர் பின்னர் அந்த வழிக்கு வந்தார்.

டக்கர் 1888இல் தம் இதழில் வெளியிட்ட ‘அரசு சோஷலிசமும் அனார்கிசமும்’ என்ற கட்டுரையில் பெயர்சூட்டு முழுமை பெற்றது. சோஷலிசத்தின் ஊற்று ஒன்று, ஆறுகள் இரண்டு. மார்க்ஸ் அதிகாரத்தின் வழியே போனார், வாரனும் ப்ரூதோனும் சுதந்திரத்தின் வழியே போனார்கள் என்று அவர் வகுத்தார். இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து வாரன் இவ்வாறு அனார்கிசத்தின் மூலவரானார். டக்கர் தம்மைச் சோஷலிஸ்ட் என்றே கருதினார் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். பணம், நிலம், சுங்கவரி, காப்புரிமை ஆகிய நான்கு ஏகபோகங்களை அரசு காக்காவிட்டால் வட்டியும் வாடகையும் லாபமும் தாமே கரையும், உழைத்தவருக்கு உழைப்பின் முழுப்பலன் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை.

பெயர்ப்பட்டியலை இறுக்கிக் கட்டியவர்கள் இருவர். ஜெர்மன் சட்ட அறிஞர் பால் எல்ட்ஸ்பாஹர் 1900இல் எழுதிய ‘அனார்கிசம்’ நூலில் காட்வின், ப்ரூதோன், ஸ்டிர்னர், பகூனின், க்ரோபோட்கின், டக்கர், டால்ஸ்டாய் என எழுவரை ஒரே வரிசையில் நிறுத்தினார். பத்தாண்டுக்குப் பின் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் ‘அனார்கிசம்’ என்ற பதிவை எழுதியவர் க்ரோபோட்கின். டக்கர் எதிர்த்த கம்யூனிஸ்ட் அணியின் தலையாய சிந்தனையாளர் அவரே. தனிநபர் அனார்கிசம் என்றால் யார் யார் என்பதைப் பெருவாசகர் கூட்டம் எதிரணியின் கையால்தான் கற்றுக்கொண்டது.

இந்தியாவில் இந்தச் சொல்லின் வாழ்வு வேறு. பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு ஆயுதம் எடுத்த தேசபக்தர் எல்லாரும் ‘அனார்கிஸ்ட்’தான். ரௌலட் சட்டம் என்று நாம் அறிவதன் முழுப்பெயர் ‘அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம், 1919’. தங்களுக்கென்று ஓர் அரசு வேண்டும் என்று உயிரைக் கொடுத்தவர்களை அரசே வேண்டாம் என்றவர்களின் பெயரால் சிறையில் அடைத்தார்கள். 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில் காந்தி, தாமும் ஓர் அனார்கிஸ்ட்தான், ஆனால் வேறு வகை என்று சொன்னபோது மேடையில் சலசலப்பு எழுந்ததற்கு இந்தப் பின்னணிதான் காரணம். உண்மையாகவே அந்தக் கொள்கையை ஏற்ற தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் உண்டு: 1887இல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா. பாரதியின் ‘இந்தியா’ இதழோடு தொடர்புடையவர், 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தோன்றியபோது உடனிருந்தவர். பிறகு பெர்லினில் அனார்கிஸ்டாக மாறி, 1954இல் பம்பாயில் இறக்கும்வரை அப்படியே இருந்தார். தனிநபர் பிரிவினர் அல்லர் அவர். தொழிலாளர் சங்க வழி அனார்கிசம் அவருடையது. அவரை நாம் மறந்ததில் ‘அராஜகம்’ என்ற சொல்லின் அவப்பெயருக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

அமெரிக்காவில் பெயரின் கடைசித் திருப்பம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. ‘லிபர்டேரியன்’ என்ற சொல்லை அரசியல் பெயராக முதலில் எழுதியவர் ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் அனார்கிஸ்ட். பெண்களைப் பற்றிய ப்ரூதோனின் பிற்போக்குக் கருத்தைக் கண்டித்து 1857இல் எழுதிய திறந்த மடலில் அது வருகிறது. அடுத்த ஆண்டே நியூயார்க்கிலிருந்து அதே பெயரில் இதழும் நடத்தினார். நூறாண்டுக்குள் அந்தச் சொல் தனிச்சொத்தும் தடையற்ற சந்தையும் கேட்பவர்களின் அடையாளமாயிற்று. எதிரணியிடமிருந்து கைப்பற்றிய சொல் என்று பொருளியலாளர் மர்ரி ராத்பார்ட் பின்னாளில் மனநிறைவோடு எழுதினார். ‘தனிநபர் அனார்கிசம்’ என்ற பெயரும் அவர் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. ஸ்பூனரையும் டக்கரையும் பற்றி 1965இல் எழுதிய கட்டுரையில், அந்தப் பெயரைச் சூடிக்கொள்ளப் பெரிதும் ஆசை உண்டு, ஆனால் அவ்விருவரும் தம் கோட்பாட்டுக்கு அதை முன்பே எடுத்துக்கொண்டார்கள், அதில் சிலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை என்றார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அவருக்கு உடன்பாடில்லாத இடங்கள் பணம், வட்டி, நிலம். வாரனின் கடை அந்த இடத்தில்தான் தொடங்கியது. டக்கரோ 1911இல் தம் பழைய கட்டுரைக்கு ஒரு பின்குறிப்பு சேர்த்திருந்தார்: குவிந்துவிட்ட பெருமூலதனம் மிகவும் வளர்ந்துவிட்டது, அரசுக் காவலை நீக்கிப் போட்டியைத் திறந்துவிடுவது மட்டும் இனி அதை உடைக்கப் போதாது. தனிநபர் அனார்கிசத்தைச் சந்தைக் கொள்கை என்று மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்கள் அந்தப் பின்குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.